ஆர்தீலியா கேட்ட கடிதம்

எங்கள் மிசிசிப்பி ஊரில் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே, "உங்களுக்குச் சபை வீடு இருக்கா?" என்று கேட்டுவிடுவோம். படுக்க ஒரு வீடு, பாடி ஜெபிக்க ஒரு வீடு. இரண்டும் இருந்தால்தான் எங்களுக்கு மனுஷர். அந்தக் கேள்வியை ஆர்தீலியாவைப்போல வாய்நிறையக் கேட்டவர் யாருமில்லை. முப்பத்தொரு வருஷம் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எங்கள் சபை வாசலில் நின்று, வந்தவர்களை உட்காரவைத்தவள். 'இல்லை' என்று சொன்னவர்களை, ஆராதனை முடிந்ததும் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பொரித்த கோழியும் சோள ரொட்டியும் தின்னாமல் தப்ப முடியாது.

"அடியே, உன் வீடு என்ன சத்திரமா?" என்பேன்.

"உனக்கும் பசிச்சா நேரா கேளு மொசெல், எதுக்குச் சுத்தி வளைக்கிறே?" என்பாள்.

போதகர் ட்ரூவிட்டும் அப்படி வந்தவர்தான். மனைவியும் இரண்டு பெட்டியுமாக வந்து இறங்கியபோது தங்க இடமில்லை. ஏழு மாதம் ஆர்தீலியாவின் பின்அறையில் இருந்தார். "கட்டில் பக்கத்துப் பலகையில கால் வைக்காதீங்க பாஸ்டர், உள்வாங்கும்" என்று அவளே சொல்லிக் கொடுத்தாள்.

ஆறு வருஷம் போயிற்று. சபைக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. போதகர் அவள் வீட்டைக் கேட்டார்.

"என் புருஷன் கையால கட்டினது பாஸ்டர். நான் செத்த பிறகு எடுத்துக்கோங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்தார்.

அவள் மெம்பிஸில் தங்கையைப் பார்க்கப் போயிருந்த ஒரு புதன்கிழமை, சபைக் கூட்டம் கூடியது. "பக்கத்து வீடு ஆபத்தான நிலைமையில இருக்கு. நம்ம சிஸ்டரோட நல்லதுக்குத்தான், நகராட்சிக்கு எழுதணும். சம்மதம்னா 'ஆம்' சொல்லுங்க" என்றார் போதகர். எல்லாரும் 'ஆம்' என்றார்கள், நானும்தான். சபைச் செயலாளர் நான்தான். 'ஏகமனதாக' என்று எழுதியது என் கை. கார் நிறுத்தத்தான் இதெல்லாம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. கூட்டத்துச் சத்தத்தில் என் சத்தம் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன், பாவி.

அவள் திரும்பி வந்தபோது கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. குடியிருக்கத் தகுதியற்ற வீடு, இடிக்கப்படும் என்று. நகராட்சிக்கே போய்ப் புகாரை வாங்கிப் படித்தாள். உள்வாங்கும் பலகை, கரையான் அரித்த பின்அறை உத்தரம், எல்லாம் அதில் இருந்தன. கீழே எங்கள் சபை முத்திரை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்தீலியா கையுறை இல்லாமல் வந்தாள். வாசலில் நிற்கவில்லை. நேரே போய், புதிதாக வருபவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தாள். "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்று போதகர் சொன்னதும் எழுந்து நின்றாள். நாலைந்து பேர் விளையாட்டு என்று சிரித்தார்கள்.

"என்ன சிஸ்டர், நீங்க புதுசா?"

"எல்லாரையும் கேக்கிறதை என்னையும் கேளுங்க, பாஸ்டர்."

அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"எனக்குச் சபை வீடு இல்ல. இருந்த வீட்டையும் இல்லாமப் பண்ணிட்டீங்க. என் வீட்டுல படுத்துத் தூங்கிட்டு, அந்தப் பலகையையே காட்டிக் குடுத்துட்டீங்களே! போதும். என் அங்கத்தினர் கடிதத்தைக் குடுங்க, நான் போறேன்."

போதகர் வேதாகமத்தை மூடினார். "கடிதத்தைக் கையில தர்றதில்லைன்னு உங்களுக்கே தெரியும் சிஸ்டர். சபையிலிருந்து சபைக்குத்தான் போகும். எந்தச் சபைக்கு அனுப்பட்டும்?"

"என் வீட்டுக்கு அனுப்புங்க. வியாழக்கிழமை இடிக்க வர்றாங்களாம். புதனுக்குள்ள வந்து சேரட்டும்."

ஒருவரைச் சபையிலிருந்து விடுவிக்கும் அந்தக் கடிதம் கொடுக்கவும் சபை சம்மதிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். "சம்மதம்னா 'ஆம்' சொல்லுங்க" என்றார் போதகர், குனிந்தபடி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. விசிறிக்கொண்டிருந்த அட்டைகள்கூட நின்றுவிட்டன. ஆர்தீலியா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு வந்துச்சே சத்தம், இன்னிக்கு என்னடி ஆச்சு? சொல்லு, மொசெல்."

நான் மட்டும் தனியாகச் சொன்னேன், "ஆம்."