காப்புக் கட்டிய கை

அந்த வாரம் அம்மாவோடு நான் போட்ட சண்டையில் நியாயம் என் பக்கம்தான் இருந்தது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். நியாயம் உன் பக்கம் இருந்து என்ன பிரயோஜனம் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் என்னிடம் பேச்சு இருக்காது.

அம்மா கடலூரில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளோடு அதே அடுப்பில் நின்றவர் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. எனக்கு அவர் அத்தை. ரத்த உறவெல்லாம் இல்லை. அவர் கணவரை அம்மா அண்ணே என்று கூப்பிடப் போய், அவர் எனக்கு மாமாவாகி, இவர் அத்தையாகிவிட்டார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னையும் அந்தச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். இரண்டு பேரும் வெங்காயம் உரித்தபடி பேசுவார்கள். பெரும்பாலும் சாமி விஷயம்தான். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் இருவரிடமும் ஏகப்பட்ட சட்டதிட்டங்கள் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

கறிக்குழம்புக்கு உப்புப் பார்ப்பதில் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. புரட்டாசி முழுக்க அம்மா கவுச்சி தொடமாட்டாள் என்பதால் அத்தை பார்ப்பார். தவக்காலத்தில் அத்தை தொடமாட்டார் என்பதால் அம்மா பார்ப்பாள். ஒரு வருஷம் தவக்காலத்திலேயே அம்மாவும் ஏதோ வேண்டுதலுக்கு விரதம் இருந்தாள். அன்றைக்கு யாருமே உப்புப் பார்க்கவில்லை. குழம்பு சப்பென்று போய், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த முறை கறி வந்தபோது, அத்தை கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டார்.

“ஏண்டி, உனக்கு விரதமாச்சே?” என்றாள் அம்மா.

“புள்ளைங்க பட்டினியா எழுந்து போவுதுங்க. நான் சாமியார்கிட்ட தப்ப சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். நீ உன் வேலையப் பாரு.”

அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாமியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு நடுவில் மாற்றினால் தப்பு. காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தப்புதான். அவள் அப்படி. அத்தைக்கோ எதிரில் இருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்தால்தான் எது சரி, எது தப்பு என்று தெரியும். யாருக்குப் பக்தி ஜாஸ்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கயிறு மந்திரிக்கப் போகிறவர்களைத் தினமும் திட்டுகிறேன். அதுதான் என் வழிபாடு.

ஓய்வுக்குப் பிறகு அம்மா, கீரப்பாளையம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். அத்தை கடலூரிலேயே இருந்தார். போன வருஷம் அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. பாண்டிச்சேரியில் வைத்தியம் பார்த்து, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, தீ மிதிக்கப்போவதாகச் சொன்னாள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு எல்லோரும் காரியம் நடந்தால் மிதிக்கிறேன் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அதுவும் ஒப்பவில்லை. “நீ குடு, நான் செய்யறேன்னு ஆத்தாகிட்ட பேரமா பேசறது? மொதல்ல நான் மிதிக்கறேன். அவ பாத்துக்குவா” என்றாள். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு அவள் மணிக்கட்டில் ஏறியது. காப்புக் கட்டிவிட்டால் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீட்டில் கால் வைக்கக் கூடாது. அம்மா கோயில் மண்டபத்திலேயே படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாமா போன் செய்தார். அத்தைக்கு ரொம்ப முடியவில்லை, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், கூட்டிக்கொண்டு வா என்றார். கடையில் சொல்லிவிட்டு, ஒரு காரைப் பேசி எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து கடலூருக்கு ஒன்றரை மணி நேரம்தான். பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

அம்மா மாட்டேன் என்றாள்.

நான் பூசாரியிடம் போனேன். அவரோடும் ஒரு சண்டை இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுஷன் நல்ல மாதிரி. அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, “அக்கா, இது ஆத்திர அவசரம். காப்ப அவுத்து ஆத்தா காலடியில வச்சுடறேன். நீங்க போயிட்டு வாங்க. அடுத்த வருசம் மிதிச்சுக்கலாம். தப்பில்ல” என்றார். பூசாரியே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா கயிற்றை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள். “அவ உசுருக்காவ கட்டுன கயிறு. நானே இத அவுத்துட்டு, அங்க அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நான்தான அவள அவுத்து வுட்ட மாதிரி?”

“அவுங்க எப்படியும் போயிடுவாங்கம்மா! உன் கயித்துல ஒண்ணும் இல்ல. கடைசியா ஒருவாட்டி உன் மூஞ்சியப் பாக்கணும்னு கேக்கறாங்க, அவ்ளோதான்” என்று கத்தினேன். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அழுதாளே தவிர, எழுந்திருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். போனைச் சரியாகப் பிடிக்க அவருக்குத் தெரியவில்லை. முதலில் மின்விசிறி தெரிந்தது, பிறகு தலையணை, பிறகு அத்தையின் பாதி முகம். முகமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

“வரமாட்டியாடி?” என்றார் அத்தை.

அம்மா காப்புக் கட்டிய கையைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினாள். பிறகு, “வெள்ளிக்கெழம மிதிச்சிட்டு, சனிக்கெழம மொத பஸ்ஸுல வந்துடறேன். அதுவரைக்கும் இருடி” என்றாள். அத்தை என்னவோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் மின்விசிறி தெரிந்தது.

புதன்கிழமை மதியம் அத்தை இறந்துபோனார். வியாழக்கிழமை அடக்கத்துக்கு நான் மட்டும் போனேன். மாதாகோயில் பூசையில் குருவானவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. விடுதியில் சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் சிலர் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். எல்லோரும் என்னிடம், அம்மா எங்கே, அம்மா எங்கே என்றுதான் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

திரும்பி வந்ததும் கோயில் வாசலில் நின்றபடியே அம்மாவைக் கேட்டேன். அப்போது எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. “இப்ப யாருக்கு மிதிக்கப்போற? அவுங்கதான் போயிட்டாங்களே.”

“நீ சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்க. தள்ளி நில்லு” என்றாள். பிறகு மண்டபத்துக்குத் திரும்பி நடந்தபடி, “சொன்னேன், செய்யறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீ மிதித்தாள். வயசுப் பையன்கள் ஓடிக் கடக்கிற நெருப்பை, அவள் மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்து கடந்தாள். பெண்கள் அவளைப் பிடித்துக் குங்குமம் வைத்தார்கள். எனக்கு மட்டும் அவளைப் பார்த்துப் பொங்கிப் பொங்கி அழுகை வந்தது. அவள் தப்பு செய்கிறாள் என்று நினைத்தேனே தவிர, இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி தப்பு செய்ய முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காப்பை அவிழ்த்துவிட்டு, அத்தையிடம் சொல்லியிருந்த அதே முதல் பஸ்ஸில் கடலூர் போனோம். கல்லறையில் மாலைகள் வாடிக் கிடந்தன. அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்று அணைக்க அணைக்கத் திரும்பத் திரும்பப் பற்றவைத்தாள். பிறகு வீட்டுக்குப் போனோம். மாமாவே டீ போட்டுக் கொண்டுவந்தார். அவர் குத்திக்காட்டத் தெரியாத மனுஷன். அத்தையின் கடைசி நாட்களைப் பற்றி அம்மா கேட்டாள், அவர் சொன்னார். அவ்வளவுதான்.

“நீ கைய காட்டுனல்லம்மா, அதப் பாத்துட்டு சிரிச்சா. போன வச்சப்புறமும் அதேதான் பேசிட்டிருந்தா. ‘அவ சாமிய எனக்கு நல்லா தெரியும், அது கோச்சுக்காது. அவளுக்குத்தான் இன்னும் தெரியல’ன்னா. வாசப் பக்கமே பாத்துட்டிருந்தா. நீ எப்படியும் மனசு மாறி வந்துடுவேன்னு நெனச்சா.”

அம்மா டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். மாமாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை, காப்புக் கட்டியிருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, சண்டைக்கு இழுக்காத ஒரு குரலில், “அவ சொன்னது நெசமாடி? ஆத்தா கோச்சிக்காதா?” என்று கேட்டாள்.

ஒரு வாரமாக நான் தொண்டை கிழியக் கத்தியது அதைத்தான். இப்போது அவளே கேட்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஜெயித்துவிடுவேன்.

“கோச்சிக்கும்மா” என்றேன். “காப்பக் கட்டிட்டு எல்லையத் தாண்டுனா சும்மா வுடுமா? நீ செஞ்சதுதான் சரி.”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சாமி கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள்.