தூக்குவாளியில் இருந்த மணி

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறவர்களின் வீட்டாரிடம், அவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே போய்க் கையெழுத்துக் கேட்பதுதான் என் தொழில். தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை எடுப்பார்கள். அதற்கு முன் கட்டி கரைக்கும் ஊசியும் போட வேண்டுமா, வேண்டாமா என்பது எங்கள் ஆராய்ச்சி. படிவமும் கையுமாக அலையும் சக பாவப்பட்டவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் கேள்வி

நோய் தொடங்கி நாலரை மணி நேரம் தாண்டிவிட்டால் அந்த ஊசி ஆபத்து. மூளைக்குள் ரத்தம் கசியலாம். அதனால் எல்லாரிடமும் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" சாத்தூரிலிருந்து கணவரைக் கூட்டி வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தேன். "எனக்குத் தாலி கட்டுறப்ப நல்லாத்தான் இருந்தாக."

கம்ப்யூட்டர் முடிவு

ஊசியா இல்லையா என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டார், கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி எடுத்துச் சொல்லும் என்று மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவரிடம் விளக்கினேன். உள்ளே அவர் தம்பி வாய் கோணிப் படுத்திருந்தார். அண்ணன் படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "அதுக்கு இருக்கன்குடி கோயில் ஆத்தாகிட்டப் பூப் போட்டுப் பாத்துரலாமே தாயி, அவளுக்கு எங்க குடும்பத்தையாச்சும் தெரியும்."

மூணரை மணி

பாண்டியம்மாள் திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவர். வலது கை, கால் விழுந்து, பேச்சில்லாமல் வந்தார். கூட வந்தவர்கள் மகள் செல்வியும் கம்பெனி போர்மேனும். "வேலை முடிஞ்சு மூணரைக்கு கேட்டுக்கு வெளியதான் விழுந்தாக" என்றார் போர்மேன். அப்போது மணி நாலரை. செல்வி கையெழுத்துப் போட்டுவிட்டாள். மூன்று வாரமாக ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்காத எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

செல்வி மடியில் அம்மாவின் தூக்குவாளி இருந்தது. ஓரமாக வைக்கலாம் என்று வாங்கினேன், கனத்தது. திறந்தால் காலையில் கட்டிய சோறு அப்படியே இருந்தது. மதியம் சாப்பிடாதவர் மூணரை வரை எப்படி நன்றாக இருந்திருப்பார்? வாளியைப் போர்மேன் முன்னால் நீட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது. "பதினோரு மணிக்கே கை வரலைன்னாக மேடம். வேப்ப மரத்தடியில படுக்க வச்சோம். உள்ள விழுந்தாகன்னு தெரிஞ்சா கம்பெனிக்கு சீல் வச்சிருவாக."

ஐந்தரை மணி நேரம்! டாக்டரிடம் ஓடினேன். ஊசி வேண்டாம் என்று நிறுத்தி, பாண்டியம்மாளை நேராகக் குழாய் விடும் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆராய்ச்சியில் அவர் பெயர் ஏறவில்லை. கட்டியை எடுத்துவிட்டு வெளியே வந்த டாக்டர் சொன்னார்: "இனி படிவத்துல சோத்துவாளிக்கும் ஒரு கட்டம் போட்டுரும்மா."

தொண்ணூறாம் நாள்

ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்குத் தொண்ணூறாம் நாள் போன் செய்து, நடக்கிறீர்களா, பேசுகிறீர்களா என்று கேட்போம். பாண்டியம்மாளுக்குச் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் நான் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அன்று மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எனக்கு என்னென்னவோ தோன்றியது. கடைசியில் ஒரு குரல், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசியது. "செல்வி... சொல்லுச்சு. வாளிய... நீதான தொறந்த? நான்... சாப்பிட்டேன். நீ... சாப்பிட்டியா, தாயி?"

அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் நாளைக்கு என் சாப்பாட்டு டப்பாவையும் ஒருத்தி திறந்து மணி பார்க்க நேரலாம் என்ற பயத்தில், இப்போதெல்லாம் ஒரு மணிக்கே அதைக் காலி செய்துவிடுகிறேன்.