சாம்பார் வாளியும் கவுன்சில் வாளியும்

குப்பை விஷயத்தில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள் நான். அங்கே போன புதிதில், பிழையான தொட்டியில் போட்ட என் குப்பைப் பையைக் கீழ்வீட்டுக்காரி படியேறிக் கொண்டுவந்து என் கதவடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வெட்கத்தில்தான் குப்பை பிரிக்கப் பழகினேன். பிறகு தயிர்க் கோப்பையைக்கூடக் கழுவாமல் போட்டதில்லை. 2009இல் லண்டனில் ஒரு கவுன்சில், அதாவது நகரசபை, வீடு வீடாகப் போய்க் குப்பை பிரிப்பதை விளக்கத் தமிழ் தெரிந்த ஆள் தேடியபோது, இது எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன்.

கவுன்சிலுக்கு மறுசுழற்சியில் ஓர் இலக்கு இருந்தது. அதை எட்டுவதற்காகச் சில தெருக்களில் மட்டும் சாப்பாட்டுக் கழிவைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்திருந்தார்கள். மூடியும் கைபிடியும் உள்ள சின்ன மண்ணிற வாளி சமையலறைக்குள் இருக்க வேண்டும். அது நிறைந்ததும் பெரிய வாளியில் கொட்டி, வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நிறைந்த ஒரு தெருவில் மட்டும் பெரிய வாளி வெளியே வருவதே இல்லை. ஆறு மாதத்துக்குள் பாதி வீடாவது வைக்காவிட்டால் அந்தத் தெருவை விட்டுவிடுவார்கள், என் வேலையும் அதோடு சரி. "அந்தத் தெரு ஆட்களுக்கு இது பிடிபடாது" என்று அலுவலகத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். வேலை போவதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

நான் குடியிருந்த கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்க் கால் தேயக் கதவு தட்டினேன். கையில் கவுன்சில் துண்டுப்பிரசுரம். அடுப்புக்குப் பக்கத்தில் வாளி இருக்கிற படத்தைக் காட்டி, "இப்பிடித்தான் வைக்கோணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லோரும் "ஓம் பிள்ளை, வைக்கிறம்" என்றார்கள். தேத்தண்ணீர் தந்தார்கள். வாளியை மட்டும் வைக்கவில்லை. நான்கு மாதம் இப்படியே போனது. சோம்பேறிகள் என்று பஸ்ஸில் இருந்தபடி மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்கார அம்மா, அதிகம் பேசாதவர். அவர்தான் சனங்கள் கூடுகிற இடத்தில் பேசிப் பார்க்கலாம் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தெருவுக்குக் கிட்ட உள்ள கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போனேன். அன்னதானம். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். சோறு வந்தது. பிறகு சாம்பார் வந்தது, கவுன்சிலின் சின்ன மண்ணிற வாளியில். பின்னால் பாயசம், அதுவும் கவுன்சில் வாளிதான்.

என் முகத்தில் ஈயாடவில்லை. மேலதிகாரி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சாம்பார் விடும்படி தட்டை நீட்டினார்.

சாம்பார் ஊற்றியது தெருக்கோடி வீட்டு அக்கா. நான் ஆறு தரம் கதவு தட்டிய வீடு. "அக்கா, இது குப்பை வாளியல்லோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"எந்தக் குப்பை? வந்த நாளிலயிருந்து ஒரு குப்பையும் படேல்லை. புத்தம்புதுசு, கழுவித்தான் கொண்டுவந்தனான். இவ்வளவு வடிவான வாளியில ஆரும் எச்சில் போடுவினமே?"

"அப்ப மீன் முள்ளு, மிச்சச் சோறெல்லாம்?"

"அது உடன உடன தனியப் பையில கட்டிப் பின்வாசல் தொட்டிக்குப் போயிடும். நீ காட்டின படத்தில அடுப்படியில எச்சில் இருக்கு. உப்பிடி வைச்சா வெள்ளிக்கிழமை விரதத்துக்கு என்னெண்டு சமைக்கிறது? உன்ர வீட்டில வைப்பியே?"

சுருக்கென்றது. ஜெர்மனியில் சாப்பாட்டுக் கழிவு வாளியை நானும் பல்கனியில்தான் வைத்திருந்தேன், பனி கொட்டிய நாளிலும். இந்தத் தெரு வீடுகளில் எச்சில் ஒரு மணி நேரம்கூடச் சமையலறையில் தங்குவதில்லை. என்னைவிடச் சுத்தமாகப் பிரித்துக்கொண்டிருந்த சனத்துக்குத்தான் நான் நான்கு மாதமாகப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, சின்ன வாளி எங்கே இருந்தால் என்ன, கழிவு லொறிக்கு வந்தால் போதும் என்றார். உடனே எழும்பி மைக்கை வாங்கினேன். "அடுப்படியில ஒண்டும் வைக்க வேண்டாம். பெரிய வாளியைப் பின்வாசலில வையுங்கோ. எச்சிலைப் பேப்பரில சுத்தி நேர அதுக்குள்ள போட்டு, கிழமைக்கு ஒருக்கா முன்வாசலில வையுங்கோ. நான் காட்டின படம் எங்களுக்குச் சரிவராது, பிழை என்னிலதான்" என்றேன். இந்த ஜெர்மனிக்காரி வாயிலிருந்து அந்தக் கடைசி வார்த்தை வருவது லேசில்லை. பந்தியில் சிரிப்பு எழுந்தது. "அப்ப சின்ன வாளி கோயிலுக்குத்தானே?" என்று ஒருவர் கேட்டார். கோயிலுக்குத்தான் என்றேன்.

கடைசிக் கணக்கெடுப்பு ஒரு மழைத்தூறல் காலை. நானும் மேலதிகாரியும் குடை பிடித்தபடி லொறிக்குப் பின்னால் நடந்தோம். வாசலுக்கு வாசல் வாளி இருந்தது. பாதி வீட்டைத் தாண்டியபோது மேலதிகாரி என் தோளில் தட்டினார். எனக்குக் கண் கலங்கியது, குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன். தெருக்கோடிக்குச் சில வீடுகள் இருக்கும்போது லொறி நின்றுவிட்டது. சாரதி இறங்கிவந்து, நிறைந்துவிட்டது, கொட்டிவிட்டுத்தான் திரும்பி வர வேண்டும் என்றான்.

வாளி எடுபடாமல் லொறி போவதைப் பார்த்த அக்கா, இரவு உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை, வை வை எண்டு என்ர உயிரை எடுத்தனி. வைச்சா எடுக்காமப் போறாங்கள்?"

"லொறி நிறைஞ்சிட்டுது அக்கா."

அக்கா தெருவின் மற்ற முனைவரை பார்த்தார். அங்கே எல்லா வாசலிலும் வெறும் வாளிகள் மூடி திறந்தபடி கிடந்தன.

"எங்கட தெருவாலயோ?"

"ஓம்."

"அப்ப வாற கிழமை பெரிய லொறியா அனுப்பச் சொல்லு" என்றுவிட்டு உள்ளே போனார்.

மேலதிகாரி என்னவென்று கேட்டார். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அவர் கணக்கெடுப்புப் படிவத்தின் அடியில் அக்கா சொன்னதை எழுதினார். எழுதியதும் தாளை என்னிடம் தந்து, அலுவலகத்தில் இதை நீங்களே எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்றார். வாசித்தேன், அன்றைக்குச் சிரித்தவனின் மேசைக்கு முன்னால் நின்று.