குளிரில் நின்ற பள்ளிக்கூடம்

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஆப்பிள் வாசனை. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த கணக்கு டீச்சரின் தம்பி, ஊதாக் காகிதத்தில் சுற்றிய பழங்களைக் கூடையில் கொண்டுவந்திருந்தார். விருதுநகரில் ஆப்பிள் என்றால் அது காய்ச்சல்காரர்களுக்கு வாங்கிப்போகும் பழம். ஆளுக்கு ஒரு கீற்று வெட்டிக் கொடுத்தார்கள். நான் தின்னாமல் மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன டீச்சர், ஒங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

"இந்த மரத்துல நான் ஏறியிருக்கேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாரணாபுரத்தில் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த ஒரு பெண் அமெரிக்காவில் ஆப்பிள் மரம் ஏறினாள் என்றால் எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

அந்த வாசனை எனக்குப் பழத்தின் வாசனை இல்லை. அது அமெரிக்காவில் நான் தங்கியிருந்த மார்த்தா அம்மா வீட்டின் வாசனை. அந்த வீட்டுக்கு அடியில், மண்ணுக்குள், ஓர் அறை உண்டு. குளிர்காலம் முழுவதும் அங்கே பெட்டி பெட்டியாக அவர்கள் தோட்டத்து ஆப்பிள் கிடக்கும். முதல் தடவை அந்தப் படிகளில் இறங்கியபோது, விலை கேட்காமல் தின்னக்கூடிய பழம் உலகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று படியிலேயே நின்றுவிட்டேன். என் கைக்கு எட்டியதை எடுக்கச் சொன்னார்கள். ஆகச் சின்னதாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். அந்த வீட்டுப் பெண் ஜூடி, என் வயதுக்காரி, அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆகப் பெரியதை என் கையில் திணித்தாள்.

நான் அங்கே போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள். மிஷன் பள்ளியில் நான் முதல் மாணவி. இந்த ஊர்ப் பிள்ளை அந்த ஊர் வீட்டில் ஒரு வருடம் மகளைப் போல இருந்து படிக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. பாதிரியார் என் பெயரைக் கொடுத்தார். பதினாறு வயதில், ஆள் எடுக்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று இங்கிலீஷில் பதில் சொன்னேன். பாதி தப்பு என்று கப்பல் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஒரு கணக்குப் போட்டுத்தான் என்னை அனுப்பினாள்.

"நீ ஒரு வருசம் போயிட்டு வா. அதுவரைக்கும் எஸ்தரு கம்பெனிக்குப் போகட்டும். நீ வந்து ஒரு வேலையில சேந்ததும் அவளத் திரும்பப் பள்ளிக்கொடத்துல விட்டுருவோம்" என்றாள்.

எஸ்தர் என் தங்கை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்ன இவள் போவாள், நான் அமெரிக்காவுக்குப் போவேன். வழியனுப்ப வந்தவர்கள் என்னை மட்டுமே பார்த்தார்கள். எஸ்தர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். "அக்கா, அங்கன பனியத் திங்கலாமா?" என்று ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தின்றேன். ருசி ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் உலகம் முழுவதும் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் கிடந்ததே, அதை எப்படிச் சொல்ல? எனக்காக ஒரு மஞ்சள் பஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. குழாயில் வெந்நீர் வந்தது. நூலகத்தில் ஒருத்தி, நீ யார் மகள் என்று கேட்காமல் கை நிறையப் புத்தகம் கொடுத்தாள். மார்த்தா அம்மாவின் புருஷன் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்த் தட்டுகளைத் துடைத்தார். முதல் நாள் நான் பதறிப்போய் அவர் கையிலிருந்து துணியை இழுத்தேன். அவரும் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு நின்றோம்.

எனக்கும் பெருமைப்பட ஒன்று இருந்தது. லீவு நாட்களில் கம்பெனியில் சரம் பின்னிய விரல்கள் என்னுடையவை. ஜூடியின் தலைமுடியைக் கண் மூடித் திறப்பதற்குள் பின்னிவிடுவேன். அவள் சிநேகிதிகள் வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். "இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பார்கள். வெடியில் என்று சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும், இந்நேரம் எஸ்தர் எத்தனை முழம் பின்னியிருப்பாளோ என்று தோன்றும். அதன் பிறகு விரல் அத்தனை வேகமாக ஓடாது.

ஜனவரி மாதம் ஒரு நாள், சரித்திர வகுப்பு. திடீரென்று ஒரு மணி விடாமல் அடித்தது. "நெருப்பு மணி" என்றார் ஆசிரியர், சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு. எல்லாரும் எழுந்து கோட்டைக்கூட எடுக்காமல் வரிசையாக வெளியே நடந்தார்கள். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் நெருப்பு என்றால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டால் போதும், ஊரே அதை நோக்கித்தான் ஓடும். அடுப்பில் உலை கொதிக்கும், கைக்குழந்தை பாயில் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே போய் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கத்துவோம். நெருப்பிலிருந்து விலகி ஓடலாம் என்பதை நான் அதுவரை கண்டதே இல்லை.

ஜூடி கட்டடத்தின் அந்தக் கோடியில் சமையல் வகுப்பில் இருந்தாள். அங்கே வரிசையாக அடுப்புகள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே வரும் பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். சமையல் வகுப்பில் யாரும் இல்லை. அடுப்புகள் அணைந்திருந்தன. பாதி உருட்டிய மாவு பலகையில் இருந்தது. பட்டை வாசனை. "ஜூடி, ஜூடி" என்று கத்தினேன். பிறகு எனக்கே தெரியாமல் "எஸ்தரு" என்று கத்தினேன்.

அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழுப் பள்ளிக்கூடமும் பனியில் நின்றுகொண்டிருந்தது. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயில் புகை விட்டுக்கொண்டு, அத்தனை பேரும் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்காக உள்ளே வராமல் நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தலைமை ஆசிரியரே தேடி வந்துவிட்டார். பனைமரம் போல உயரமான மனிதர். திட்டவில்லை. "வா அம்மா. மற்ற எல்லாரும் வெளியே இருக்கிறார்கள்" என்றார். நான் வாசலில் இறங்கியதும் எங்கள் ஆசிரியர் கையை உயர்த்தி, "என் வகுப்பு முழுவதும் வந்துவிட்டது" என்றார். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் உள்ளே போனது. நெருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அது வெறும் ஒத்திகை. வருடத்தில் பல தடவை செய்து பார்ப்பார்களாம். எண்ணிப் பார்த்ததில் ஒரு தலை குறைந்திருக்கிறது. அந்தத் தலை என்னுடையது.

ஜூடி அழுதுகொண்டே வந்து என் தோளில் ஓங்கி அடித்தாள். அவள் பேசியதை நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எதுக்குடி உள்ள ஓடுன?"

"நீ உள்ள மாட்டியிருந்தா?"

"மாட்டியிருந்தா எண்ணும்போது தெரிஞ்சிரும்ல. அதுக்குத்தான எண்ணுறாக, மக்கு."

என் பக்கத்து இருக்கைப் பையன், மூக்கு செக்கச்செவேலென்று இருந்தவன், "அடுத்த முறை மே மாதத்தில் காணாமல் போ, வெயில் அடிக்கும்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடல் தாண்டி வந்த ஒருத்தி, பெயரைச் சொன்னால் வாயில் நுழையாதவள், அவள் ஒருத்தி குறைகிறாள் என்று இத்தனை பேர் குளிரில் நின்றார்களே. அங்கே நான் பார்த்த பனி, மஞ்சள் பஸ், வெந்நீர் எதுவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

ஊர் திரும்பியபோது தீபாவளி சீசன் தொடங்கியிருந்தது. தெருவே என்னைப் பார்க்க வந்தது. "என்ன அமெரிக்கா, நல்லா இருக்கீகளா? எங்கள ஞாபகம் இருக்கா?" என்று சீண்டினார்கள். எஸ்தர் மட்டும் சாயங்காலம்தான் வந்தாள். வளர்ந்திருந்தாள். விரல் நுனிகள் ஈயப் பாத்திரம் போல மின்னின, வெடிமருந்துப் பொடி. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புக்கு என்னை உதவிக்கு எடுத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் கேட்டேன். "சீசன் முடியட்டும். ஆர்டரு தலைக்கு மேல கெடக்குங்காரு போர்மேனு. தீவாளி கழிச்சுப் பாப்போம்" என்றாள். எனக்குத் தெரியும். தீபாவளி கழிந்தால் கலியாண சீசன். அதற்குப் பிறகு எஸ்தர், வயது போய்விட்டது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்பாள். இப்போதே பாதி அப்படித்தான் பேசினாள்.

ஒரு சாயங்காலம் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே மணி அடித்த கதையை எஸ்தருக்குச் சொன்னேன்.

"அம்புட்டுப் பேருமா?" என்றாள்.

"அம்புட்டுப் பேரும்."

"கோட்டு இல்லாமயா? சும்மா அளக்காதக்கா."

அம்மாவின் கை பசைக் கிண்ணத்தில் நின்றுவிட்டது. "நீ அசலூருக்காரி. ஒனக்காகவா நின்னாக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் எஸ்தருக்குச் சோறு கொடுத்துவிட மறந்துவிட்டதாகச் சொல்லி, தூக்குச்சட்டியோடு அம்மா கம்பெனிக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். போர்மேன் வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், என்னைப் பார்த்ததும் வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்க அமெரிக்கா. சாப்பிட்டீகளா?"

அம்மா கேட்டாள். "அண்ணாச்சி, உள்ள எத்தன சின்னப் பிள்ளைக இருக்கு?"

"எதுக்குக் கேக்கீக?"

"சும்மாதான்."

அவர் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஒரு பத்து இருபது இருக்கும்" என்றார்.

"பத்தா, இருபதா?"

"அதையெல்லாம் யாரு எண்ணுறா, ஆத்தா. வரும், போவும்."

அம்மா தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். நேராகக் கொட்டகைக்குள் போனாள். திரும்பி வரும்போது எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எஸ்தர் கையில் பாதி பின்னிய சரம் தொங்கியது. அதை வாங்கிப் போர்மேனிடம் கொடுத்துவிட்டு, "இத எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள். வீடு வரைக்கும் மணிக்கட்டை விடவில்லை.

வருடத்தின் நடுவில் சேர்க்க மாட்டோம் என்றார்கள் பள்ளிக்கூடத்தில். அமெரிக்கா போய் வந்தவள் என்ற என் பெருமை முழுவதையும் அன்றைக்குச் செலவழித்துச் சேர்த்தேன். முதல் நாள் காலை நான் வகுப்புக்கு வெளியே நின்றேன். டீச்சர் ஆஜர் எடுத்தார். தன் பெயர் வந்ததும் எஸ்தர், எல்லாரையும்விட ஒரு முழம் உயரமாக எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றாள். டீச்சர் தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பனியை முதன்முதலாகப் பார்த்தபோது நின்றதுபோல அங்கேயே நின்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

எஸ்தர் இப்போது நர்ஸ் படிப்பில் இருக்கிறாள். அவள் விரலில் அந்த மினுக்கம் இல்லை. ஜூடிக்குக் கலியாணம் ஆகிவிட்டது, கடிதம் நின்றுவிட்டது. அவர்கள் தோட்டத்தை விற்றுவிட்டதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாள். பனி எப்படி இருந்தது என்று யோசித்தால் இப்போது பஞ்சுதான் நினைவுக்கு வருகிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் அம்மாவைப் பார்க்க நாரணாபுரத்துக்குப் போவேன். விடியும் முன்னால், பிள்ளைகளை ஏற்றிப்போகும் கம்பெனி லாரி தெருவுக்குள் வரும். அந்த நாளையில் எஸ்தருக்காக எங்கள் வாசலில் ஒரு ஹாரன் அடிப்பார்கள். அது நின்று வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் அந்த நேரத்துக்கு அம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும். பாயில் எழுந்து உட்கார்ந்து, ஹாரன் கேட்கக் கேட்க, அடுத்த வீட்டில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று என்று விரல் மடக்குவாள். தெருமுனையில் லாரி திரும்பும் வரை எண்ணிவிட்டுத்தான் படுப்பாள்.