பூ கட்டிக் கேட்ட வெள்ளிக்கிழமை

இந்த ஊரில் பேருந்துக் கதவு தானாகத் திறக்காது. கதவின் நடுவே இருக்கும் பச்சைப் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல் இரண்டு பேருந்துகளை விட்டேன். கதவுக்கு நேரே நின்றுகொண்டு ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவி என்னவோ சொன்னாள். வழியை மறைக்கிறேன் என்கிறாள் போலிருக்கிறது என்று விலகி நின்றேன். பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறாள். காஞ்சிபுரத்தில் நான் கல்லூரிக்குப் போன பேருந்துக்குக் கதவே இருந்ததில்லை என்று அவளிடம் எந்த மொழியில் சொல்வது? அங்கே நகர்கிற வண்டியிலிருந்து யாரோ ஒரு கை நீட்டி முதலில் நம் பையை வாங்கிக்கொள்வார்கள், ஆள் மெதுவாக ஏறினால் போதும். ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. பொத்தான் பழகிவிட்டது.

போன கோடையின் முடிவில் எனக்கு வேலை போனது. கார் மோதும்போது புஸ்ஸென்று விரிகிறதே காற்றுப்பை, அதற்கான துணியைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்தவள் நைலான் துணியை இழுத்தும் கிழித்தும் எரித்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போனால் விசாவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்பது என்னைப் போல வந்தவர்களுக்குத் தெரியும். ஏழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நான்கிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. இவர்களுடைய மறுப்புக் கடிதம் அவ்வளவு அழகாக இருக்கும். வேண்டாம் என்று ஒரு வரி, உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும் என்று நான்கு வரி. ஒரே ஒரு சிறு தொழிற்சாலை மட்டும் வா என்றது. பழையதைவிடக் குறைந்த சம்பளம், எடுபிடிக்குச் சற்று மேலான பதவி. பதில் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வேண்டும். இன்னும் இரண்டு இடங்களின் முடிவு தெரியவில்லை. இங்கேயே தெற்கே ஒரு பெரிய நிறுவனம், நேர்காணல் முடிந்ததும் வாயே திறக்கவில்லை. மற்றொன்று ஸ்ரீபெரும்புதூர். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்த் திரும்பிவிடும் தொலைவு. கணினி வழியாக மூன்று சுற்று நேர்காணல் முடித்து, இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கையில் இருப்பதை விட்டுவிட்டு அதுவும் கைகூடாமல் போனால் பெட்டியும் கையுமாக ஊருக்குப் போக வேண்டும். அப்படி ஒருமுறை போனவள் நான்.

அந்தச் சிறு தொழிற்சாலையின் மேலாளர் ஹோல்கர் தொலைபேசியில், “ஏன் யோசிக்கிறீர்கள்?” என்று கேட்டார். வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் ஊர் வழக்கப்படி, “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். “கணவரிடமா?” என்றார். “இல்லை, அம்மாவிடம்.” “உங்கள் அம்மாவுக்கு இந்தத் துறை தெரியுமா?” என்று கேட்டார். நாற்பது வருடமாகத் துணி நெய்கிறார் என்றேன். “ஓ, நாற்பது வருட அனுபவமா! அப்படியென்றால் கட்டாயம் கேளுங்கள்” என்றார். கிண்டல் இல்லை. அந்த மனிதர் உண்மையாகவே மதித்துச் சொன்னார்.

முதல்முறை நான் பெட்டியோடு போனது ஆரணியிலிருந்து, கட்டிக்கொடுத்த இரண்டாம் வருடம். காலை பத்து மணி, எங்கள் தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்த நேரம். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. எட்டிப் பார்க்க வேண்டுமே. அம்மா மட்டும் நிறுத்தவில்லை. “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு தறியின் குறுக்கே நாடாவை ஓட்டிக்கொண்டே இருந்தாள். விவாகரத்து முடிந்ததும் வேலைக்குப் போனேன், பிறகு இங்கே வந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறைக்குப் போனபோது என் தங்கை யமுனாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண் அவள். எதையும் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போவாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை காப்பியை உறிஞ்சிக்கொண்டே, “பெரியவ ஏன் வாழாம வந்துட்டா?” என்று அம்மாவைக் கேட்டாள். நான் உள்ளேயிருந்து, “எனக்காவது காரணம் இருக்குது. உங்க பிள்ளைக்கு முதல்ல வேலை இருக்குதா?” என்றேன். அவர்கள் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது நான் வேலை விஷயத்தைச் சொன்னதும் அம்மா, “நாமளே முடிவு பண்ணி இன்னா ஆவப்போவுது? அம்மன்கிட்ட பூ கட்டிக் கேட்டுடலாம்மா” என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைத்து, கோயிலுக்கு வருகிற யாரோ ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும், சிவப்பு வந்தால் ஊருக்கு வர வேண்டும். படித்தவள், சோதனைக்கூடத்தில் வேலை செய்தவள் இதற்குச் சம்மதித்தாயா என்று நீங்கள் கேட்கலாம். சம்மதித்தேன். முடிவெடுத்து முடிவெடுத்து அலுத்துப்போன மனுஷிக்கு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். என் கல்யாணத்துக்கும் இதே அம்மன்தான் உத்தரவு கொடுத்தாள். அந்த ஆளின் குணத்துக்கு அவள் பொறுப்பில்லை என்று அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கச் சிவப்புக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, இங்கே காலை ஏழு மணி. வெளியே இன்னும் விடியவில்லை. அங்கே பதினொன்றரை, எங்கள் தெருக் கோயிலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. யமுனா கைப்பேசியை நீட்டிப் பிடித்திருந்தாள். தேங்காய்த் தட்டோடு உள்ளே வந்த ஒரு பெண்ணை அம்மா நிறுத்தி, “ஒண்ணு எடும்மா” என்றாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை, பளீரென்று வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “உத்தரவு வந்துடுச்சும்மா. அங்கியே சேந்துடு.” சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பழக்கதோஷம். சோதனைக்கூடத்தில் ஒரு துண்டைச் சோதித்தால் ஒதுக்கி வைத்த துண்டையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். “அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிம்மா” என்றேன்.

“அதெல்லாம் பிரிக்கக் கூடாது. சாமி குத்தம்” என்றாள் அம்மா. பொட்டலம் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “யமுனா, நீ பிரி” என்றேன். கைப்பேசி ஆடியது. சிறிது நேரம் கோயில் தரை மட்டும் தெரிந்தது. பிரித்தவள் அந்தப் பெண்தான், வேடிக்கை பார்க்கிற ஆசையில். அதிலும் நந்தியாவட்டை. அவள் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுத் தேங்காயைக்கூட உடைக்காமல் நகர்ந்துவிட்டாள்.

அம்மா அழவில்லை. “ஆமா, நான்தான் கட்டினேன். இப்ப இன்னா? பத்து நாள்ல பொண்ணு பாக்க வராங்க. பெரியவ ஜெர்மனில பெரிய வேலைல இருக்கா, இந்தப் பக்கமே வரமாட்டான்னு சொல்லிவெச்சிருக்கேன். நீ பெட்டியத் தூக்கிக்கினு வாசல்ல வந்து நின்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

“இத நேராவே சொல்லியிருக்கலாமே.”

“நேரா சொன்னா கேக்குற ஆளா நீ? நீ இல்லாம வீடு அமைதியா இருக்குதும்மா. நெஜத்த சொல்றேன்.”

யமுனாவின் முகம் இப்போதுதான் திரையில் வந்தது. “கோச்சுக்காதக்கா. அங்கியே ஓகே சொல்லிடு, ப்ளீஸ்” என்றாள். சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. “அம்மா, என் கல்யாணத்துக்குக் கேட்டியே, அப்ப இன்னொரு பொட்டலத்துல என்ன இருந்துச்சு?” என்று கேட்டேன். அம்மா இரண்டு இலையையும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அழைப்பைத் துண்டித்தேன்.

ஒன்பது மணிக்கு ஹோல்கரை அழைத்து ஒப்புக்கொண்டேன். “அம்மா என்ன சொன்னார்?” என்று ஆர்வமாகக் கேட்டார். இங்கேதான் சேர வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார் என்றேன். “அற்புதமான பெண்மணி, என் வணக்கத்தைச் சொல்லுங்கள்” என்றார். சொல்கிறேன் என்றேன். பிறகு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேலை உத்தரவு வந்தது. நான் கேட்ட சம்பளம், கேட்ட பதவி. இரண்டு நாள் பதில் போடாமல் வைத்திருந்தேன். யோசிக்க அல்ல, ரசிக்க. பெண் பார்க்க வந்தவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்ட சேதி அதற்குள் யமுனாவிடமிருந்து வந்திருந்தது. பெட்டியோடு ஆட்டோவில் போய் இறங்குவதையும், ஒவ்வொரு தறியாக நிற்பதையும், அம்மாவின் முகம் போகிற போக்கையும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊர் நமக்காகக் காத்திருக்கிறது என்று வெளிநாட்டில் இருக்கிற நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோமே, ஊரில் இருப்பவர்களிடம் அதை யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறோமா? மூன்றாம் நாள் மறுத்து எழுதினேன். யமுனாவுக்காக என்று சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும். பாதி அதுதான். வேண்டாம் என்கிற வீட்டில் போய் நிற்கிற திமிர் என்னிடம் ஒரு தடவைக்குத்தான் இருந்தது என்பது மீதிப் பாதி.

எழுதிய மறுநாள் அந்த நிறுவனத்துப் பெண் ஒருத்தி அழைத்தாள். “மேடம், ஏன் வேணாங்குறீங்க? பிள்ளையார்பாளையம் அட்ரஸ்தானே போட்டிருக்கீங்க? தை மாசத்துலேர்ந்து அங்க புது ரூட் விடுறோம். செகண்ட் ஷிஃப்ட் பஸ் உங்க தெருமுனையிலயே நிக்கும். பன்னெண்டு அம்பதுக்கு ஏறினீங்கன்னா ஏசில தூங்கிக்கினே வந்துடலாம்.” வீட்டில் கேட்டுவிட்டேன், முடியாது என்றார்கள் என்றேன். “அய்யோ, வீட்லயா வேணாங்குறாங்க?” என்று அவள் நம்பாமல் கேட்டாள்.

நேற்றுக் காலை வேலைக்குப் போக நிறுத்தத்தில் நின்றபோது, மாதக்கணக்காகப் பேசாத அம்மா அழைத்தாள். யமுனாவுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று, மாசி கடைசியில். “உனக்கு லீவு கெடைக்காதுல்ல?” என்றாள். கேள்வி மாதிரிதான் கேட்டாள். “கெடைக்காதும்மா” என்றேன். “அதான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்” என்றாள் நிம்மதியாக. அப்போது அவள் பேச்சுக்குப் பின்னால் நீளமாக ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. “இது ஒரு எழவு. ஏதோ கம்பெனி பஸ்ஸு, தெனம் இந்நேரத்துக்குத் தெருமுனைல வந்து நின்னுக்கினு அடிச்சிக்கினே இருக்குதும்மா. யாருக்காக நிக்குதோ தெரியல.”

நான் மணியைப் பார்த்தேன். எட்டு இருபது. அங்கே பன்னிரண்டு ஐம்பது. என் பேருந்தும் வந்து எதிரில் நின்றது. அந்த ஹாரன் அடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே கதவுக்கு நேரே நின்றேன். நான்கு வருடம் பழகிய பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். ஓட்டுநர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். காதில் ஹாரன் நின்று, எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. “தோ, அதுவும் போயிடுச்சு” என்றாள் அம்மா.