கேடி வேலைக்குப் போனவர்

அந்த கோல்ஃப் பந்தயம் எங்கள் மலையில் நடந்தது மூன்றே வருடம். எங்களைத் தெருவில் நிறுத்த அதுவே போதுமானதாக இருந்தது.

என் கணவர் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கத்து கோல்ஃப் திடலுக்குப் போய், ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பார். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஆள் எடுத்தபோது இவரும் பெயர் கொடுத்தார். பை தூக்குகிறவருக்கு ஆங்கிலத்தில் என்னவோ பெயர். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ஆட்கள் வாயில் அது 'கேடி' ஆகிவிட்டது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டி, எம்மவன் கேடியா ஆயிட்டானா? போலீஸ் வந்து புடிச்சிக்கிட்டுப் போவாதா?"

லயமே சிரித்தது. இவர் வேலை முடிந்து வந்தால், "கேடி வராருலா, கதவ சாத்து" என்பார்கள். இவருக்கு அதில் பெருமைதான்.

முதல் வருடம் லீவு போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் தோட்டத்துத் துரை லீவு தரவில்லை. பந்தயம் நடத்த வந்தவர்களோ, இது வருடா வருடம் நடக்கும், திடலிலேயே நிரந்தர வேலை தருகிறோம் என்று இவர் தோளில் கை போட்டுச் சொன்னார்கள். அதை நம்பித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டார். லயத்து வீடு இவர் வேலைக்காகக் கொடுத்தது. நான் கைக்குழந்தைக்காரி. வேலை போனால் வீடும் போகும் என்று கத்தினேன், கேட்கவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சிக் கூத்தாடி வீட்டைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தது நான்தான்.

நான்காவது வருடம் பந்தயத்துக்கு ஒருவரும் வரவில்லை, சொன்ன நிரந்தர வேலையும் அதோடு போனது. பணம் போட்ட கம்பெனி விலகிக்கொண்டதாம். அதைக்கூட இவரிடம் சொல்ல ஆளில்லை. திடலில் போய்க் காத்து நின்றவரிடம் புல் வெட்டுகிறவர்தான் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த மாதமே கிராணி வந்து, புது ஆளுக்கு வீடு வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டார். திரிங்காப் ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்கு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

போன மாதம் மகள் அந்தப் பந்தயத்தின் வரலாற்றைப் போனில் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள். ஜெயித்தவர்களின் பெயர், நாடு எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். கடைசியில் ஒரே வரி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் நின்றுபோனது என்று. பை சுமந்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம்.

இவர் சாப்பாட்டுத் தட்டில் இருந்து தலையைத் தூக்கினார். "நின்னுபோச்சுன்னுதானே போட்டிருக்கு? இனிமே வராதுன்னு போடலயேலா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.