நான் மவுத்தாகவில்லை என்பதற்குச் சாட்சி

நான் மவுத்தாகிவிட்டதாக என் மாமா ஊர்க் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி வந்தபோது, மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடல் கடந்து, ரயிலேறி, பண்டாரவளையிலிருந்து தபால் வண்டியில் பதுளைக்கு வந்த கடிதம் அது. எழுதியவர் என் பெரியப்பா மகன், நான் காக்கா என்று கூப்பிடும் அண்ணன். உம்மா விட்டுப்போன வீட்டில் பாதி எனக்கு, பாதி உம்மாவின் தம்பியான மாமாவுக்கு. உம்மாவுக்கு முன்பே நான் சிலோனில் வாந்திபேதியில் செத்துப்போய்விட்டேன் என்றால் முழு வீடும் அவருக்கு.

பாகம் கேட்டுக் காக்கா என் சார்பில் வழக்காட, பெருவிரல் ரேகை வைத்து ஒரு முக்தியார் பத்திரம் முன்னமே அனுப்பியிருந்தோம். அது அந்தக் கடிதத்தோடேயே திரும்பி வந்துவிட்டது. யாருடைய விரலோ என்று கேட்டார்களாம். பதுளை நீதவான் முன்னால் நானே ஒப்பமிட்டு, அவர் முத்திரை பதிந்து வர வேண்டும். நோன்புப் பெருநாள் கழிந்ததும் தீர்ப்பு. நாங்கள் கிளம்பிய அன்றைக்கு நோன்பு ஐந்து; பெருநாளுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான்.

பெட்டி வண்டியில் திரை கட்டி, என் புருசன் என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். அவருக்குக் கடைவீதியில் துணிக்கடை. நீதவான் வெள்ளைக்காரர். அவர் கேட்பதைக் கோர்ட்டு உத்தியோகஸ்தரான முதலியார் ஒருவர் தமிழில் சொன்னார்.

“இந்தப் பெண் இன்னார்தான் என்று யார் சொல்வது?”

“நான்தாங்க இவ புருசன்.”

“வீடு வந்தால் லாபம் உமக்குத்தானே. வேறு யாராவது வேண்டும்.”

“கடைவீதியில எல்லாருக்கும் என்னைத் தெரியுமே ஐயா.”

“உம்மைத் தெரியும். உம்முடைய மனைவியின் முகத்தைப் பார்த்தவர் யார்?”

என் புருசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலை முதல் கால் வரை மூடிய துப்பட்டிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். நிக்காஹ் முடிந்து இந்த ஊருக்கு வந்து எட்டு வருசம். அந்நிய ஆண் ஒருவர்கூட என் முகத்தைக் கண்டதில்லை. அதை நல்ல பெயர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் பகலுக்குப் பிறகு நீதவான் சுற்றுப்பயணம் போகிறார், திரும்ப மூன்று வாரமாகும் என்றார் முதலியார்.

வண்டியில் திரும்பும்போதுதான் மருத்துவச்சியின் நினைவு வந்தது. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருப்பவள். என் மூன்று பிரசவத்தையும் பார்த்தவள். உடனே ஆள் அனுப்பினோம். அவள் மேல்மலை லயத்துக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருக்கிறாள் என்று சேதி வந்தது. போன ஆள் அவள் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறானாம், வருவாளோ மாட்டாளோ தெரியாது. வெளியே மழை விடவே இல்லை.

மறுநாள் காலையிலிருந்து கோர்ட்டு விறாந்தையில் காத்திருந்தோம். என் புருசன் நடையாய் நடந்தார். “பாலம் முங்கியிருந்தா அவ எப்படி வருவா?” என்று நான் கேட்டதும் படியிறங்கிப் போய் ரோட்டை எட்டிப் பார்த்தார். நீதவானின் பெட்டிகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் படியேறினாள். அட்டை கடித்த காலில் ரத்தம் வழிந்தது.

“பொம்பளைப் புள்ளைங்க, ரொம்பப் படுத்திடுச்சு” என்றாள். பிந்தியதற்கு அதுதான் காரணம்.

அவளைக் கூண்டில் ஏற்றினார்கள்.

“இவளை உனக்குத் தெரியுமா?”

“மூணு புள்ளைக்கும் நாந்தாங்க மருத்துவம் பாத்தேன்.”

“முகத்தைப் பார்த்து வந்து சொல்.”

பக்கத்துப் பத்திர அறைக்குள் நாங்கள் இருவரும் போனோம். நான் துப்பட்டியை விலக்கினேன். மருத்துவச்சி என் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னா தாயி, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?”

கடிதம் வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு வெளியே போனாள்.

“அவங்களேதாங்க. சரியா சாப்புடுறதில்லை போல இருக்கு.”

முதலியார் அதையும் ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னார். நீதவான் பேனாவை என் பக்கம் நீட்டினார். இம்முறை நான் ரேகை வைக்கவில்லை. ஓதப் பழகியபோது படித்த, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் என் பெயரை எழுதினேன். முதலியார் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்கிறாய்? வாசி.”

அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் பெயரையும் வாப்பா பெயரையும் நானே சொன்னேன்.  சிவப்பு அரக்கு உருகி, முத்திரை விழுந்தது.

பத்திரத்தைக் காக்காவுக்குத் தபாலில் அனுப்பிய பிறகும் நிம்மதி இல்லை. கப்பல் போய்ச் சேர்ந்ததா, முத்திரை உடைந்ததா என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று. மவுத்தானவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை மாமா என் பெயரில் ஓதியிருப்பாரா என்றுகூட யோசித்தேன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் தர்காவில் நடக்கும் கந்தூரி விழாவுக்குக் கூட்டிப்போனவர் அவர்.

பெருநாள் கழிந்து நாற்பது நாளுக்கு மேல் ஆன பிறகு காக்காவின் கடிதம் வந்தது. பத்திரம் செல்லும் என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு நாளன்று மாமா வரவேயில்லை. வீட்டின் நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். என் பாதியை நான் பிறகு பார்க்கவேயில்லை.

அடுத்த வருசம் மாமாவே ஒரு கடிதம் போட்டார். வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் சுகத்தையும் பிள்ளைகள் சுகத்தையும் விசாரித்திருந்தார். பதில் எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எல்லாரும் சுகம் என்று மட்டும் எழுதினேன்.